ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை

தாம்பரம் மார்க்கத்தில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு ஒரு காலத்தில் ரயில்வே கால அட்டவணைதான் விலைப்பட்டியல். மாம்பலத்தில் கட்டுப்படியாகாதவர் பழவந்தாங்கலில் இறங்கி நங்கநல்லூர் பக்கம் விசாரிப்பார். அங்கேயும் கை எட்டாவிட்டால் பல்லாவரம், குரோம்பேட்டை. அதற்கும் வழியில்லை என்றால் சானடோரியம், தாம்பரம். ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போனால் வாடகையில் ஐம்பதோ நூறோ குறையும், சீசன் டிக்கெட்டில் கொஞ்சம் ஏறும். தாம்பரத்தையும் தாண்டிப் பெருங்களத்தூருக்குக் குடி போகிறேன் என்றால், சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் "அவ்ளோ தூரமா?" என்பார்கள்.

எண்பதுகளைச் சொல்கிறேன். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. அந்தக் குறுகலான மீட்டர்கேஜ் யூனிட்கள் 2004 வரை ஓடின. இந்த ஊர்களில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு வேலை அந்தப் பாதையின் மறுமுனையில்தான். கோட்டையில் இறங்கினால் தலைமைச் செயலகம். பீச்சில் இறங்கினால் பாரிமுனை, துறைமுகம், ராஜாஜி சாலை வங்கிகள். நுங்கம்பாக்கத்தில் இறங்கினால் வருமான வரி அலுவலகம், கல்லூரிச் சாலையில் கல்வித் துறை. புறநகரே வடக்கு பார்த்து உட்கார்ந்திருந்தது. காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை தெருவில் எல்லோரும் ஒரே திசையில் நடப்பார்கள். சாயங்காலம் அதே முகங்கள் எதிர்த்திசையில். தாம்பரத்தில் கிளம்பும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும் என்பதற்காகவே சானடோரியம்காரர்கள் முதலில் பின்னோக்கித் தாம்பரம் போய், அங்கே உட்கார்ந்துகொண்டு, தங்கள் ஸ்டேஷனைத் தாங்களே கடந்து வேலைக்குப் போவார்கள்.

அதனால் வீட்டுக்கு மதிப்புப் போடுவது எளிது. ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு நடை? டு-லெட் விளம்பரங்களில் எல்லா வீடும் பத்து நிமிஷ நடைதான். எட்டு இருபது வண்டியைப் பிடிக்க ஓடுகிறவனின் பத்து நிமிஷம் அது. கையில் காய்கறிப் பையும் இடுப்பில் குழந்தையுமாக வருகிறவளுக்கு அரைமணி. சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கம் இருந்த வீடுகளும் இந்தக் கணக்கில் அடக்கம். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்றால் விளம்பரமே வராது. சொந்தமாக மனை வாங்கிப் போட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை போய்க் கல் நட்டது அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிற இடம் அது.

வீட்டுக்காரர் கீழே, குடித்தனக்காரர் மாடியில். இதுதான் அந்நாளைய அமைப்பு. அவரும் முக்கால்வாசி நம்மைப் போல மாதச் சம்பளக்காரர். கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்திலோ அலுவலகத்திலோ கடன் வாங்கி ஒரு கிரவுண்டில் கீழ்த்தளம் கட்டியிருப்பார். மாடி எடுக்கக் காசு இருக்காது. அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று இப்போது யாரும் பேசுவதில்லை: குடி வருகிறவர் தந்த அட்வான்ஸில் இருந்து வந்தது. பத்து மாத வாடகையை வட்டியில்லாமல் கையில் வாங்கி, அதில் தளம் போட்டு, அந்தத் தளத்தின் கீழே அவரையே குடிவைத்தார்கள். பல வீடுகளில் பூச்சு வேலை முடியுமுன்பே பால் காய்ச்சினோம். இந்தப் புறநகரின் முதல் மாடிகளில் பாதி, வாடகைக்காரர்களின் பணத்தில் எழுந்தவை என்று நான் அடித்துச் சொல்வேன். கணக்கு எழுதி வைத்தவர் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது நடைமுறையில் இருந்த 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. ஊரே பத்து மாதம் வாங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், மூன்று மாத வாடகையை அளவாக வைக்கிறது. ஊரில் இப்போது கேட்பது ஆறிலிருந்து பத்து. சட்டம் ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஏறி வந்தது, ஊர் பத்திலிருந்து ஆறுக்கு இறங்கி வந்தது. இன்னும் இரண்டும் சந்திக்கவில்லை. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது. "அதெல்லாம் எதுக்கு சார், பழையபடி பதினோரு மாசம் போட்டுக்கலாம்" என்று முத்திரைத்தாளை எடுத்து நீட்டுகிற புரோக்கரைத்தான் இன்றைக்கும் பார்க்கிறோம்.

வீடு பார்க்கப் போனால் முதலில் பார்ப்பது தண்ணீரை. குரோம் தோல் கம்பெனியின் பெயரையே தாங்கி நிற்கிற ஊர் குரோம்பேட்டை. நாகல்கேணி, பல்லாவரம் பக்கத்துத் தோல் பதனிடும் தொழில், சுற்று வட்டாரக் கிணறுகளை என்ன செய்தது என்று அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் "தண்ணி கல்கண்டு சார்" என்பார். கூட வந்திருக்கும் அம்மா ஒன்றும் பேசாமல் பின்பக்கம் போவாள். பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாகத் தழும்பு ஏறியிருக்கிறதா, குழாயின் வாயில் துரு நிறம் இருக்கிறதா என்று பார்ப்பாள். அப்புறம் வீட்டுக்கார மாமியிடம் சும்மா கேட்கிற மாதிரி ஒரு கேள்வி: "பருப்பு நல்லா வேகுதா மாமி?" உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. மாமிக்குப் பொய் சொல்ல வராது; "குக்கர்ல வெச்சா வெந்துடும்" என்று இழுப்பாள். திரும்பி வரும் வழியிலேயே அந்த வீடு வேண்டாம் என்று முடிவாகிவிடும்.

அடுத்தது வீட்டுக்காரரின் முறை. எந்த ஆபீஸ், என்ன சம்பளம், சொந்த ஊர் எது, எத்தனை பேர், ஊரிலிருந்து யாராவது வந்து தங்குவார்களா, குழந்தைகள் சுவரில் கிறுக்குமா. சொந்த ஊர் எது என்ற கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும். பதில் கிடைக்காவிட்டால் குலதெய்வம் எது என்று கேட்பார்; அதற்கும் மசியாவிட்டால் "நீங்க கவிச்சி சாப்பிடுவீங்களோ?" என்பார். ஜாதியைக் கேட்காமலே கேட்கிற கலையில் அந்தத் தலைமுறை தேர்ந்தது. முஸ்லிம் நண்பர் ஒருவர் பெயரைச் சொன்னவுடனே வீடு "நேத்துதான் பேசி முடிச்சாச்சு" ஆகிவிடும். அதே வீட்டு வாசலில் அடுத்த வாரமும் டு-லெட் பலகை தொங்கும்.

குடி போன பிறகு விதிகள். ராத்திரி பத்துக்குக் கேட் பூட்டப்படும். மோட்டார் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அம்மி அரைத்தால் கீழே அதிரும். வீட்டுக்கு ஒரே மின் இணைப்பு, நமக்குச் சப்-மீட்டர். மாசக் கடைசியில் ஒரு டார்ச் லைட்டுடன் அவர் வந்து படித்து, சிகரெட் அட்டையின் பின்புறம் பெருக்கல் போட்டுத் தொகை சொல்வார். மின்வாரியத்தின் விலை வேறு, அவர் விலை வேறு. கேட்டால் "மோட்டாருக்கு யார் கொடுப்பா?" என்பார்.

இதையெல்லாம் இப்போது 'அந்தக் காலத்து உறவு' என்று உருகிப் பேசுகிறார்கள். எனக்கு அந்த உருக்கம் இல்லை. தீபாவளிக்குப் பட்சணத் தட்டு மாடிக்கு வந்தது நிஜம். நம் வீட்டுக்கு யார் எப்போது வந்து எத்தனை மணிக்குப் போனார்கள் என்பது அவர் வாயில் இருந்ததும் நிஜம். இரண்டும் ஒரே கையால் வந்தவை.

அந்தத் தனி வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. தொண்ணூறுகளின் கடைசியில் ஆரம்பித்து, 2000-க்குப் பிறகு வேகம் பிடித்தது ஜாயின்ட் வென்ச்சர். வீட்டுக்காரருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில், கிரவுண்டு விலை உச்சத்தில். புரமோட்டர் வந்து, இடித்துக் கட்டி உங்களுக்கு இரண்டு ஃப்ளாட், மீதி எனக்கு என்பார். முன்பு இரண்டு குடும்பம் இருந்த மனையில் ஆறு, எட்டு குடும்பம். மீதி ஃப்ளாட்களை வாங்கியவர்களில் பலர் அங்கே வந்து இருப்பதற்காக வாங்கவில்லை. முதலீடு, வரிச்சலுகை, பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு என்று வாங்கினார்கள். பெங்களூரிலும் துபாயிலும் டல்லாஸிலும் இருந்துகொண்டே வாங்கினார்கள். கீழே இருந்த வீட்டுக்காரர் அப்படித்தான் காணாமல் போனார்.

இன்னொரு பெரிய மாற்றம் அதே சமயத்தில் நடந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பிறகு சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கம்பெனிகள். வேலை கோட்டையிலிருந்து கிழக்கே நகர்ந்தது. தாம்பரம் பாதையிலிருந்து அங்கே போக நேர் ரயில் கிடையாது. பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கத்துக்கு இருநூறடி ரேடியல் ரோடு வந்தது. தாம்பரத்திலிருந்து கேம்ப் ரோடு, செம்பாக்கம், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகிறவர்கள் கூட்டம் பெருகியது. கல் நட்டு வைத்திருந்த செம்பாக்கத்து மனைகள் திடீரென்று வேலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கேள்வியோடு, மேடவாக்கம் ஜங்ஷனிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கேள்வியும் முளைத்தது. கம்பெனி கேப் எந்த முனையில் நிற்கும் என்பதைப் பொறுத்து வாடகை ஆயிரம் கூடும், குறையும். ஸ்டேஷன் ரோட்டுப் பழைய ஃப்ளாட்டைவிட ராஜகீழ்ப்பாக்கத்துப் புது ஃப்ளாட்டுக்கு வாடகை கூட என்று எண்பதுகளில் யாராவது சொல்லியிருந்தால் அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்திருப்போம்.

ஒரே வீட்டிலேயே திசை பிரிந்துவிட்டது. கணவர் எழும்பூர் பக்கம் மின்சார ரயிலில், மனைவி சோழிங்கநல்லூருக்குக் கேபில், பையன் பொத்தேரியில் பல்கலைக்கழகத்துக்குத் தெற்கே. மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு வீடு பார்ப்பது என்பது பஞ்சாங்கத்தில் மூன்று ராசிக்கும் சேர்த்து ஒரு முகூர்த்தம் தேடுகிற கதை.

தேடுவது இப்போது கைப்பேசியில். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தண்டம் என்று சொல்லிச் செயலிக்குப் போகிறார்கள். அங்கே போட்டோவில் சமையலறை விசாலமாக இருக்கும், நேரில் போனால் இரண்டு பேர் திரும்ப முடியாது. அந்தப் பழைய நேர்காணல் ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது கட்டம் போட்ட படிவமாகிவிட்டது. குடும்பத்துக்கு மட்டும். சைவம் மட்டும். பேச்சிலர் வேண்டாம். குலதெய்வத்தைக் கேட்டுச் சுற்றி வளைத்த பெரியவராவது மூஞ்சியைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டார். படிவத்துக்கு அந்தச் சங்கடமும் இல்லை. தனியாக இருக்கும் பெண் என்றால் அப்பாவிடம் போன் பேச வேண்டுமாம், அவள் சம்பளம் வீட்டுக்காரரின் ஓய்வூதியத்தைவிட மூன்று மடங்கு என்றாலும். வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தப் படிவங்களே திறக்காது. பம்மல், பல்லாவரம் சந்துகளில் ஓர் அறையில் ஆறேழு பேர், தலைக்கு இவ்வளவு என்று வாடகை. சதுர அடிக்குக் கணக்குப் பார்த்தால் பக்கத்து ஃப்ளாட்காரரைவிட அவர்கள்தான் அதிகம் கொடுக்கிறார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஃப்ளாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின் இணைப்பு. ரீடிங் எடுத்ததும் குறுஞ்செய்தி வருகிறது, நாமே கட்டுகிறோம், 2016-இலிருந்து கிடைக்கிற முதல் நூறு யூனிட் இலவசம் நேராக நமக்கு வருகிறது. தனி வீட்டு மாடியில் இருப்பவர்களுக்கு இன்னும் "யூனிட்டுக்கு எட்டு ரூபாய்" என்ற தனியார் கட்டணம்தான். இலவசம் கீழேயே தங்கிவிடுகிறது. வாடகை முதல் தேதி போனிலிருந்து போனுக்குப் போகிறது. ரசீது மட்டும் சிக்கல். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வருமான வரியில் வீட்டு வாடகைப் படிக் கழிவுக்கு வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். அதைக் கேட்டதும், ஒன்றாம் தேதி தவறாமல் "குட்மார்னிங்" அனுப்புகிறவர் நாலு நாள் ஆன்லைனிலேயே வருவதில்லை.

அசோசியேஷன் என்று ஒன்று வந்திருக்கிறதே, அதைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். மாதாமாதம் மெயின்டெனன்ஸ் கட்டுவது வாடகைக்காரர். வாட்ச்மேன் சம்பளம், லிஃப்ட், தண்ணீர் லாரி எல்லாம் அதில்தான். கூட்டத்துக்கு மட்டும் அழைப்பு டல்லாஸுக்குப் போகும். லிஃப்ட் பழுதாகி மூன்றாம் மாடிக்கு முழங்கால் வலியோடு ஏறுகிறவர் குழுவில் எழுதினால், "ஓனர்ஸ் மட்டும் கருத்துச் சொல்லவும்" என்று ஒரு பதில் வந்து விழும். கீழே இருந்த வீட்டுக்காரரிடம் சண்டையாவது போட முடிந்தது. மோட்டார் கெட்டுப்போனால் கதவைத் தட்டலாம்; அவர் வீட்டிலும் தண்ணீர் வராது, ஆகவே அன்றைக்கே மெக்கானிக் வருவார். இன்று நம் குழாயில் தண்ணீர் வராததால் குளிக்க முடியாமல் போகிற வீட்டுக்காரர் யாரும் இல்லை.

தண்ணீர்க் கேள்வியும் தலைகீழாகிவிட்டது. பருப்பு வேகுமா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. குடிக்கவும் சமைக்கவும் இருபது லிட்டர் கேன் வருகிறது, மற்றதற்கு லாரி. கேட்பதெல்லாம் "2015-ல தண்ணி வந்துச்சா?" அந்த டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்துத் தாழ்வான தெருக்கள் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததை யாரும் மறக்கவில்லை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடி ஞாபகப்படுத்திவிட்டுப் போனது. முன்பெல்லாம் வயசானவர்கள் இருக்கிறார்கள், நாலு செடி வைக்கலாம் என்று கீழ்ப் போர்ஷனைத் தேடி அலைவோம். மாடி என்றால் வெயில், வாடகை குறைவு. இன்று சில தெருக்களில் கீழ்த்தளம் காலியாகவே கிடக்கிறது, முதல் மாடிக்கு முந்துகிறார்கள். வீடு பார்க்கிறவர்கள் சுண்ணாம்பு புதிதா பழசா என்று பார்ப்பதில்லை, சுவரில் எந்த உயரத்திலிருந்து புதிதாக அடித்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். கேள்விக்கு வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள்: "அடுத்த தெரு வரைக்கும் வந்துச்சு சார்."

2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. பேரூராட்சியில் குடி வந்தவர் வீடு மாறாமலே மாநகராட்சிக்காரர் ஆனார். சொத்து வரி ஏறியதென்று வாடகையும் ஏறியது. தெருவில் பள்ளம் பழையபடி இருந்தது.

மாறாமல் இருப்பவற்றில் ஒன்று, ஆடி. வைகாசி, ஆனியில் புரோக்கர்களுக்குச் சாப்பிட நேரமிருக்காது. ஆடி பிறந்தால் போன் அடிக்காது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கூட ஆடியில் சாமான் ஏற்ற மாட்டார். வீட்டில் பெரியவர்கள் மனசு கஷ்டப்படுமே என்பார். மாறாத இன்னொன்று, தெற்கே நகர்வது. சோழிங்கநல்லூர் பக்கம் போக வேண்டியவர்கள் கிழக்கே சிதறினார்கள் என்றாலும், வாடகை தாங்காதவர்களுக்கு ரயில் பாதைதான் கதி. அன்று தாம்பரத்தோடு நின்றது, இன்று வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் என்று நீண்டிருக்கிறது. கிளாம்பாக்கத்துக்கு 2023 கடைசியில் வெளியூர்ப் பேருந்து முனையம் வந்ததும் ஊரப்பாக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வாடகையை ஏற்ற ஒரு காரணம் கிடைத்தது. 2025 ஏப்ரலில் பீச்சிலிருந்து செங்கல்பட்டுக்குக் குளிர்சாதன மின்சார ரயிலும் விட்டார்கள். அதற்கு வேறு ஏற்றுவார்கள்.

குரோம்பேட்டையில் எங்கள் மாடிப் போர்ஷனில் பிறந்து, செம்பாக்கத்தில் படித்து, கல்யாணம் ஆனதும் பெருங்களத்தூர் போன என் தம்பி மகன் போன ஆனியில் கூடுவாஞ்சேரிக்கு மாறினான். இரண்டு பெட்ரூம், மூன்றாம் மாடி, ஆறு மாத அட்வான்ஸ். அவன் கேட்ட முதல் கேள்வி 2015. இரண்டாவது, கார் நிறுத்த இடம். வீட்டுக்காரர் பெங்களூரில் இருக்கிறார், வீட்டை வாங்கியதிலிருந்து இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாராம். ஒப்பந்தம் மெயிலில் வந்தது, அட்வான்ஸ் போனில் போனது, சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. வீட்டுக்காரரிடமிருந்து ஒரே ஒரு குரல் செய்தி, நல்ல தமிழில், அவர் அம்மா பேசியது: "தம்பி, ஆடி பொறக்கறதுக்குள்ள வந்து பால் காய்ச்சிடுங்க. அடுப்பை ஹால்ல வெச்சுக் காய்ச்சாதீங்க, டைல்ஸ் வெடிச்சுடும். அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவோம்."